மீ த ஃபர்ஸ்ட்டு!

ரொம்ப நாளா இதைப் பத்தி எழுதணும்னு நினைச்சுட்டே இருந்தேன். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, தள்ளிப் போயிட்டே இருந்தது. போன மாசம் நடந்த ஒரு விஷயம் உட்கார வெச்சுடுச்சு.

கீழூர் வாக்கெடுப்பு பத்தி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். புதுச்சேரிக்காரங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்கு ஒரு குட்டி முன்கதை. 1947ல் இந்தியாவுக்கு சுதந்திரம் வந்தப்போ எங்களுக்கு வரல. பிரெஞ்சுக்காரங்க இங்கேயே இருந்தாங்க. 1954 அக்டோபர் 18ஆம் தேதி, டவுனுக்கு மேற்கே இருக்கிற கீழூர்ல இந்தியாவோட சேரலாமா வேண்டாமான்னு ஓட்டெடுப்பு நடந்தது. சேரலாம்னு முடிவாச்சு. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கை மாறிச்சு. சட்டப்படி எல்லாம் முடிஞ்சது 1962 ஆகஸ்ட் 16ல். எங்க ஊர்ப் பசங்களுக்கு ஆகஸ்ட்ல அடுத்தடுத்து ரெண்டு நாள் கொடியேத்தம் இருக்கிறதோட ரகசியம் இதுதான் :-)

கட்டுரையோட நடுநாயகம் எங்க தாத்தா. ஏ.எஃப்.டி மில்லுல வேலை பார்த்தவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் விரல் மையைக் காட்டி, "மொத மொதல்ல ஓட்டு போட்டதே வெள்ளைக்காரன் போவணும்னுதான்டா"ன்னு சொல்வார். இதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அவர் கீழூருக்கு சைக்கிள் மிதிச்சுப் போய் ஓட்டு போட்டார்னு எழுதினேன். சைக்கிள் மட்டும் என் சொந்தச் சரக்கு. அழகா இருக்கட்டுமேன்னு சேர்த்தது. ஹிஹி.

எழுதி முடிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, சுட்டிகளைப் பகிர்ந்து ஓட்டு போட்டுக்கிற ஒரு தளத்துல கொண்டுபோய்ப் போட்டேன். எந்தத் தளம்னு கேக்காதீங்க, எல்லாம் ஒரே அச்சுதான். யாராவது ஒரு சுட்டியைப் போடுவாங்க, மத்தவங்க மேலேயோ கீழேயோ அம்புக்குறியை அமுக்குவாங்க, அடியில கருத்து சொல்வாங்க. அதிகம் மேல் அம்பு வாங்கினது உச்சியில போய் உட்காரும்.

முதல் கருத்து நாப்பது விநாடியில வந்தது. "அருமை ப்ரோ." சந்தோஷமாத்தான் இருந்தது, பொய் சொல்லல. அப்புறம்தான் கட்டுரையை போன்ல நானே ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன். எழுதினவன் நான், வேகமாப் படிச்சும் பதினோரு நிமிஷம் ஆச்சு. அந்தப் பதினோரு நிமிஷத்துல 38 கருத்து விழுந்திருந்தது. ராத்திரிக்குள்ள மொத்தம் 63.

சாம்பிளுக்குக் கொஞ்சம். "சூப்பர்." "செம." கை கூப்பின பொம்மை, மூணு தடவை. "பிரெஞ்சுக்காரனே இருந்திருந்தா ரோடாவது நல்லா இருந்திருக்கும்." அதுக்கு ஒருத்தர் "தேசத்துரோகி"ன்னு பதில். அந்தப் பதிலுக்குக் கீழ ரெண்டு கட்சிக்காரங்க பதினேழு தடவை மாத்தி மாத்தித் திட்டிக்கிட்டாங்க. அதுல கீழூரும் இல்ல, புதுச்சேரியும் இல்ல, 1954ம் இல்ல. ஒருத்தர் தன்னோட யூடியூப் சானலுக்கு வழி சொல்லியிருந்தார்.

உச்சியில உட்கார்ந்திருந்தது எது தெரியுமா? "பாண்டியா? வரும்போது ரெண்டு ஃபுல் வாங்கிட்டு வாங்க ப்ரோ." 212 மேல் அம்பு, 30 கீழ் அம்பு.

பாண்டிச்சேரியில பொறந்த யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, இந்த ஜோக்கை வாழ்க்கையில எத்தனை தடவை கேட்டிருக்கோம்னு. காலேஜ் ஹாஸ்டல்ல முதல் நாள், கம்பெனியில முதல் நாள், பொண்ணு பார்க்கப் போன இடத்துல கூட. சரி, விடுங்க, அது தனிப் பதிவு போட வேண்டிய சோகம்.

மூணு நாள் கழிச்சு, எதுக்கோ பக்கத்தைக் கடைசி வரைக்கும் தள்ளிட்டுப் போனப்போ, அடிமட்டத்துல ஒரு கருத்து கண்ணுல பட்டது. ஞாயிறு ராத்திரி போட்டது. ஒரே ஒரு ஓட்டு. அதுவும் போட்டவரோட பேர்ல தளமே தானாக் கொடுக்கிற ஓட்டு. அவர் எழுதினதோட சாரம்: கீழூர்ல பொதுமக்கள் ஓட்டு போடல. பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சிகளின் உறுப்பினர்களும் சேர்ந்து 178 பேர் மட்டும்தான் போட்டாங்க. 170 பேர் இணையலாம்னும் 8 பேர் வேண்டாம்னும் சொன்னாங்க. பொதுமக்களே ஓட்டு போட்டது சந்திரநாகூர்ல, 1949ல். உங்க தாத்தா சொன்னது 1955 ஜூலையில நடந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தலா இருக்கலாம், வீட்டுப் பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க.

எனக்கு வயித்துல என்னவோ பண்ணிச்சு. தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் எழுதினது தப்பு. அருமை, சூப்பர், செம எல்லாம் விழுந்தது ஒரு தப்பான கட்டுரைக்கு. நூத்துக்கணக்குல பேர் ஓட்டு போட்டு அதை மேலே ஏத்தி விட்டிருக்காங்க. ஒருத்தர் மட்டும் படிச்சு, யோசிச்சு, தாத்தா பேச்சையும் பொய்யாக்காம பக்குவமா எழுதியிருக்கார். அவரை யாருமே பார்க்கல. நானும் பார்க்கல.

இதை ஆபீஸ்ல சொன்னா எல்லாருக்கும் ஒரே பதில்தான் இருக்கு. "நம்ம ஆளுங்களே அப்படித்தான் மச்சி." எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஆளுங்களைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. படிக்கப் பதினோரு நிமிஷம். "அருமை"ன்னு அடிக்க மூணு விநாடி. ஆக, முதல் பதினோரு நிமிஷத்துல கருத்து சொல்லக்கூடியவன் யாரு? முழுசாப் படிக்காதவன் மட்டும்தான். படிக்கிறவன் இன்னும் படிச்சுட்டு இருக்கான். அவன் முடிச்சு, ஒரு விஷயத்தைச் சரிபார்த்து, நாலு வரி எழுதிக் கொண்டுவரும்போது பந்தி முடிஞ்சு இலை எடுத்துட்டு இருப்பாங்க. பந்திக்கு முந்தினவனுக்குத்தான் பாயசம். அந்தத் தளத்துல யாரும் கெட்டவங்க இருக்கணும்னு அவசியமே இல்ல. எல்லாரும் தங்கக்கம்பியா இருந்தாலும் மேலே நிக்கிறது படிக்காத கருத்தாத்தான் இருக்கும். ஏன்னா அங்கே பரிசு முதல்ல வந்ததுக்கு.

இது நம்மாளுங்களுக்குப் புதுசு இல்ல. தமிழ்ல பதிவுகளைத் திரட்டித் தர்றதுக்குன்னு 2004ல் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தை ஆரம்பிச்சார். அது உச்சத்துல இருந்தப்போ நான் நாலாங்கிளாஸ். ஆனா அந்தக் காலத்துப் பதிவுகளை உட்கார்ந்து தோண்டித் தோண்டிப் படிச்சிருக்கேன் (இந்த எழுத்து நடை எங்கேருந்து ஒட்டிக்கிச்சுன்னு இப்போ புரிஞ்சிருக்கும்). பிரமாதமான உரையாடல்கள் இருக்கு. ஈழம், சாதி, இசை, யூனிகோடு எழுத்துரு, எதைப் பத்தியும் ஆளாளுக்குப் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. அதே இடத்துலதான் "மீ த ஃபர்ஸ்ட்டு", "உள்ளேன் ஐயா", "ரிப்பீட்டே", "வந்துட்டேன், படிச்சுட்டு வர்றேன்" எல்லாமும் பொறந்தது. அந்தக் கடைசிக் கருத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதுல நேர்மை இருக்கு. படிக்கலன்னு சொல்லிட்டே வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடுறார்.

ஏன் அப்படி? தமிழ்மணத்துல சமீபத்துல மறுமொழி வந்த இடுகைகளுக்குன்னு ஒரு பட்டியல் இருந்தது. யாராவது ஒரு வார்த்தை போட்டா போதும், அந்த இடுகை பட்டியலோட தலைக்கு வந்துடும். நாலு நண்பர்கள் சேர்ந்து கும்மியடிச்சா நாள் பூரா மேலேயே நிக்கலாம். சில பேர் தன்னோட இடுகைக்குத் தானே ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நன்றி சொல்லி மேலே ஏத்துவாங்க. அதுக்குப் பேரே வெச்சிருந்தாங்க, பின்னூட்டக் கயமை! அப்புறம் ஒரு எண்ணிக்கையைத் தாண்டினா அந்தப் பட்டியல்ல காட்ட மாட்டோம்னு உயரெல்லை கொண்டுவந்தாங்க. உடனே அதுக்கு எதிரா இடுகைகள், அதுக்குக் கீழேயும் கும்மி.

பின்னால ஓட்டு வந்தது. தமிழிஷ் வந்தது, அதுவே இண்ட்லின்னு பேர் மாத்திக்கிச்சு. ஓட்டு வந்ததும் பின்னூட்டத்தோட பாஷையும் மாறிடுச்சு. "அருமையான பகிர்வு. ஓட்டுப் போட்டாச்சு. நம்ம கடைப் பக்கமும் வந்துட்டுப் போங்க." மொய் கணக்கு சார் இது. நீ எனக்கு ஐநூத்தியொண்ணு வெச்சா நான் உனக்கு ஐநூத்தியொண்ணு. கல்யாண வீட்டுல மொய் எழுதுறவன் சாப்பாடு எப்படி இருந்ததுன்னு கேப்பானா?

இப்போ அந்தத் திரட்டிகளோட காலம் முடிஞ்சு போச்சு. ஆட்கள் முகநூலுக்கும் ரெட்டிட்டுக்கும் யூடியூபுக்கும் போயிட்டாங்க. ஆட்கள் மாறியும் கருத்து மாறல. "மீ த ஃபர்ஸ்ட்டு" இப்போ யூடியூப்ல "முதல் கமெண்ட் நான்தான், ஒரு லைக் போடுங்க"ன்னு நிக்குது. இருபது வருஷம், மூணு தலைமுறைத் தளம், வேற வேற மனுஷங்க, ஒரே வாக்கியம். அப்போ கோளாறு மனுஷங்க கிட்ட மட்டும் இருக்க முடியாதுன்னுதானே அர்த்தம்?

நான் ஊகத்துல மட்டும் பேசல. 2016ல் கொலம்பியா பல்கலைக்கழகமும் இன்ரியாங்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ட்விட்டர்ல பகிரப்பட்ட சுட்டிகளை ஆராய்ஞ்சாங்க. அந்த ஆய்வுல பகிரப்பட்ட சுட்டிகள்ல 59 சதவீதத்தை ஒருத்தர்கூட அமுக்கல. பகிர்ந்தாச்சு, திறக்கல. அவ்வளவுதான்.

இன்னொரு ஆய்வு என் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2013ல் சயன்ஸ் இதழ்ல வந்தது. மியூச்னிக், ஆரல், டெய்லர்னு மூணு பேர். சுட்டி பகிர்ற ஒரு தளத்துலயே, லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்தாங்க. அதுல சிலதுக்கு, போட்ட உடனே, நல்லதா கெட்டதான்னு பார்க்காம, குலுக்கல் முறையில ஒரே ஒரு மேல் ஓட்டைத் தாங்களே போட்டுவிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தக் கருத்துகள் கடைசியில சராசரியா 25 சதவீதம் அதிக மதிப்பு வாங்கியிருந்தது. கீழ் ஓட்டு போட்டுவிட்ட கருத்துகளை மட்டும் பின்னாடி வந்த ஜனங்க ஓட்டு போட்டுச் சரி பண்ணிட்டாங்களாம். பாராட்டு ஒட்டிக்கும், திட்டு ஒட்டாது. இதைப் படிச்சதும் அந்த ரெண்டு ஃபுல் ஜோக்கோட 212 எங்கேருந்து வந்ததுன்னு புரிஞ்சது. முதல் ரெண்டு நிமிஷத்துல சிரிச்ச நாலு பேர்தான் மிச்சம் 208 பேரையும் கூட்டிட்டு வந்திருக்காங்க.

இதையெல்லாம் சரி பண்ண எஞ்சினியருங்க முயற்சி பண்ணாம இல்ல. 1997ல் ஆரம்பிச்ச ஸ்லாஷ்டாட் ஒரு அழகான ஏற்பாடு வெச்சிருந்தது. வழக்கமா வர்றவங்கள்ல சில பேருக்கு அப்பப்போ நடுவர் வேலை வரும். கையில ஒரு சில புள்ளிதான், சீக்கிரம் செலவழிக்கலன்னா காலாவதி. எந்த விவாதத்துல நீ கருத்து சொன்னியோ அங்கே நீ நடுவர் இல்ல. கருத்துக்கு மதிப்பெண் கழித்தல் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்தான், 212 எல்லாம் போகாது. வெறும் அம்புக்குறியும் கிடையாது, ஏன் பிடிச்சதுன்னு காரணத்தையும் தேர்ந்தெடுக்கணும், தகவலுக்காகவா, சிந்தனைக்காகவா, சிரிப்புக்காகவா. இதுல எனக்குப் பிடிச்ச கிறுக்குத்தனம், சிரிப்புக்குன்னு வாங்கின புள்ளி உன் கணக்குல நற்பேரா ஏறாது. சிரிக்க வை, யாரும் தடுக்கல. ஆனா சிரிப்புக்குக் கூலி கிடையாது. ரெண்டு ஃபுல் வாங்கிட்டு வர்றவருக்கு அங்கே பருப்பு வேகாது.

ரெட்டிட் வேற வழியில போச்சு. 2009ல் எக்ஸ்கேசிடி சித்திரங்கள் வரையிற ராண்டல் மன்ரோ சொன்ன யோசனையை எடுத்துக்கிட்டாங்க. அடிப்படை 1927ல் வில்சன்ங்கிறவர் எழுதின ஒரு புள்ளியியல் சூத்திரம். பயப்படாதீங்க, ரொம்ப எளிமை. ஒரு கருத்துக்கு ஒரே ஓட்டு, அதுவும் மேல் ஓட்டு. நூத்துக்கு நூறுதான். ஆனா ஒரு ஓட்டை வெச்சு எப்படி நம்புறது? அதனால, "இருக்கிற ஓட்டை வெச்சுப் பார்த்தா, குறைஞ்சபட்சம் இவ்வளவு பேருக்காவது இது பிடிக்கும்"னு ஒரு கீழ் எல்லை போட்டு, அதை வெச்சு வரிசைப்படுத்துறது. 95 சதவீத உறுதின்னு வெச்சுப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு மேல் ஓட்டுக்கு 0.21. பத்து மேல், ஒண்ணு கீழ்னா 0.62. நாப்பது மேல், இருபது கீழ்னா 0.54. பாருங்க, வெறும் பத்து ஓட்டு வாங்கின நல்ல கருத்து, நாப்பது வாங்கின சுமாரானதைத் தாண்டி மேலே போகுது. தாமதமா வந்தவனுக்கும் வழி இருக்கு.

நானும் இதைப் பார்த்து அடடான்னு சொல்லிட்டு என் பக்கத்துக்குப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு ஃபுல்: 0.83. கீழூரைத் திருத்தினவர்: 0.21.

சூத்திரத்துல தப்பில்ல. பார்த்தவங்க போட்ட ஓட்டை அது ஒழுங்கா எடை போடுது. பார்க்கவே பார்க்காத கருத்துக்கு அது என்ன பண்ணும்? அடியில கிடக்குது, அதனால யாரும் பார்க்கல. யாரும் பார்க்கல, அதனால ஓட்டு இல்ல. ஓட்டு இல்ல, அதனால அடியில கிடக்குது. காலேஜ்ல முதல் வருஷம் எழுதின முடிவில்லாத லூப் ஞாபகம் வருது.

இந்த இடத்துல ஒரு கோஷ்டி வரும். "இதெல்லாம் வேலைக்கு ஆகாது பாஸ், ரெண்டு பேரைப் பிடிச்சு உள்ள வெச்சா எல்லாரும் ஒழுங்கா எழுதுவான்." இந்த மருந்தை எங்க ஊர்ல குடிச்சுப் பார்த்தாச்சு. 2012 அக்டோபர்ல, புதுச்சேரியில சிறு தொழில் பண்ற ஒருத்தர், அப்போதைய மத்திய நிதியமைச்சரோட மகனைப் பத்தி ட்விட்டர்ல ஒரு வரி எழுதினார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவுல போலீஸ் கைது பண்ணிச்சு. அந்த ஆளைப் பின்தொடர்ந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? 16. பதினாறே பேர் பார்க்க இருந்த ஒரு வரி, கைதுக்கு அப்புறம் நாடு பூரா பேப்பர்ல வந்தது. 2015 மார்ச் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த 66ஏவையே செல்லாதுன்னு தூக்கிப் போட்டது. அந்த வரி சரியா தப்பான்னு நான் பேச வரல. போலீஸால ஒரு கருத்தை நிறுத்தத்தான் முடியும், நல்ல கருத்தா மாத்த முடியாது.

இன்னொரு கோஷ்டி, "எல்லாம் அனானிங்க பண்ற வேலை, சொந்தப் பேர்ல எழுதச் சொன்னா சரியாயிடும்"னு சொல்லும். என்னைத் திருத்தினவர் யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ரெண்டு எழுத்தும் நாலு எண்ணும்தான் பேரு. தேசத்துரோகின்னு எழுதினவரோ சொந்தப் பேரு, குடும்பப் படம், வேலை செய்யற கம்பெனி எல்லாம் போட்டிருந்தார்.

எங்க முத்தியால்பேட்டை டீக்கடையில காலையில ஒரே தினத்தந்தியை ஆறு பேர் தாள் தாளாப் பிரிச்சுப் படிப்பாங்க. அங்கேயும் பேச்சு ஒண்ணும் உலகத்தரம் கிடையாது. முக்காவாசி மொக்கைதான். ஆனா ஒரு தடவை, தலைப்பை மட்டும் பார்த்துட்டு ஒருத்தர் சத்தமா ஆரம்பிச்சார். பக்கத்துல ஒரு பெரியவர், ரிட்டயர்டு சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களை எங்க ஊர்ல இப்படித்தான் சொல்லுவோம்), கையிலிருந்த தாளை நீட்டி, "இன்னாப்பா, உள்ள இன்னா போட்டுருக்கான்னு பார்த்தியா நீ?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். மனுஷன் டீயை முடிச்சுட்டுக் கிளம்பிட்டார். தாள் நடுவுல கிடக்குது, படிக்காமப் பேசினா அடுத்த விநாடி தெரிஞ்சுடும். வலையில அந்தத் தாள் சுட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. யார் திறந்தா, யார் திறக்கலன்னு யாருக்கும் தெரியாது.

தெரியற மாதிரி செய்ய முடியுமா? முடியும். நார்வே நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்தோட தொழில்நுட்பப் பக்கமான என்ஆர்கே பீட்டா, 2017ல் ஒரு சோதனை பண்ணாங்க. கருத்து எழுதணும்னா முதல்ல அந்தக் கட்டுரையிலேர்ந்தே மூணு கேள்விக்குப் பதில் தேர்ந்தெடுக்கணும். பதில் கட்டுரையிலயே இருக்கும். படிச்சிருந்தா அரை நிமிஷ வேலை. கோபத்தோட வர்றவனுக்கு அந்த அரை நிமிஷம் ஒரு வாய் தண்ணி குடிச்ச மாதிரி. 2020ல் ட்விட்டரும், திறக்காத கட்டுரையைப் பகிரப் போனா "முதல்ல படிச்சுப் பார்க்கறீங்களா?"ன்னு கேக்க ஆரம்பிச்சது. கேட்டதுக்கே திறந்து பார்க்கிறது 40 சதவீதம் கூடுச்சுன்னு அவங்களே சொன்னாங்க. திட்டல, தடுக்கல, ஒரு கேள்வி மட்டும்தான்.

ஆர்வக்கோளாறுல நானும் அந்தத் தள நிர்வாகிக்கு நீளமா ஒரு மெயில் போட்டேன். ஒண்ணு, சுட்டி போட்டு முதல் அரை மணி நேரம் கருத்துப் பெட்டியை மூடி வைங்க. ரெண்டு, முதல் நாள் பூரா கருத்துகளை ஓட்டு வரிசையில காட்டாம, ஒவ்வொருத்தருக்கும் குலுக்கிப் போட்டுக் காட்டுங்க, கடைசியா வந்தவனும் யாரோ ஒருத்தர் கண்ணுக்கு முதல்ல தெரியட்டும். மூணு, சுட்டியைத் திறந்துட்டு வந்து எழுதினவங்க கருத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னப் புள்ளி வைங்க. இதுக்கு நிரல் எழுதுறது ஒரு வார வேலை, வேணும்னா நானே சனி ஞாயிறுல எழுதித் தர்றேன்னும் சொன்னேன்.

பதில் வந்தது, அதுவே பெரிய விஷயம். "நல்ல யோசனை. ஆனால் ஈடுபாடு குறைந்துவிடும்." ஈடுபாடுன்னா என்னன்னு எனக்கும் தெரியும், நானும் அதே தொழில்தான். 63 கருத்து 9 ஆயிடும். அந்தப் பதினேழு தேசத்துரோகி இருக்காது. ஒவ்வொரு பதிலையும் பார்க்க ஒருத்தர் திரும்பத் திரும்ப வந்தாரே, அந்த வருகை இருக்காது. வருகை இல்லன்னா விளம்பரம் இல்ல. மூணு விநாடிக் கருத்து அங்கே கழிவு இல்லீங்க, அதுதான் சரக்கே. இது புரியாம நான் அந்த மனுஷனுக்கு வில்சன் சூத்திரம் எல்லாம் போட்டு மெயில் எழுதியிருக்கேன் பாருங்க.

எங்க ஊர்ல ஒரு ஆளு 1736லேர்ந்து 1761 வரைக்கும் யார் என்ன பேசினாங்க, யாருக்கு யார் மேல காண்டு, கப்பல் எப்போ வந்தது, கவர்னர் மூஞ்சி எப்படி இருந்ததுன்னு எழுதிட்டே இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. இருபத்தஞ்சு வருஷம், ஒரு லைக் கிடையாது. எனக்கு மூணு நாள் தாங்கல.

மத்தவங்களை இவ்வளவு சொல்றேனே, நான் யோக்கியமான்னு என் பழைய கருத்துகளைப் போய்ப் பார்த்தேன். கடைசி ஐம்பதுல முப்பத்தோரு இடத்துல ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தைதான். அதுல எத்தனை சுட்டியைத் திறந்தேன்னு நேர்மையா யோசிச்சா பத்து தேறும். ஒரு நண்பன் மாசக்கணக்குல உழைச்சு எழுதின கதைக்குக் கீழ "மாஸ்"னு போட்டிருக்கேன். அது அவன் அப்பா இறந்தப்போ எழுதினதுன்னு இப்போதான் படிச்சேன்.

கட்டுரையைத் திருத்திட்டேன். சைக்கிளை எடுத்துட்டேன். 178, 170, 8 சேர்த்தாச்சு. போன வாரம் வீட்டுக்குப் போனப்போ ஆயா கிட்ட கேட்டேன். "ஆயா, தாத்தா மொத தடவை ஓட்டு போட்டது எப்போ, ஞாபகம் இருக்கா?" ஆயா வெத்தலையை மென்னுகிட்டே யோசிச்சாங்க. "எனக்குக் கல்யாணம் ஆயி வந்த வருசம்டா. ஆடி மாசத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போறேன்னேன், ஓட்டு போட்டுட்டு இட்டுனு போறேன்னு நிறுத்தி வெச்சுட்டாரு மனுசன்." கல்யாணம் எந்த வருஷம்னா சொல்லத் தெரியல. வெள்ளைக்காரன் போனதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டேன். "போயிட்டாங்கடா, அதுக்கப்புறம்தான்"னாங்க. ஆடின்னா ஜூலை நடுவுல பொறக்கும். 1955 ஜூலைக்குச் சரியா வருது.

அந்த ரெண்டெழுத்து நாலு எண் நண்பருக்குப் பதில் எழுதினேன். நீங்க சொன்னது சரி, ஆயா கிட்ட கேட்டுட்டேன், இப்படிச் சொன்னாங்கன்னு மொத்தமும் எழுதினேன். அந்தப் பக்கத்துல 64ஆவது கருத்து. போட்டு ஒன்பது நாள் ஆச்சு. இன்னும் பதில் இல்ல. அவரும் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்க்கிற பழக்கம் இல்லாதவரோ என்னவோ.

டிஸ்கி: இதுக்குக் கீழ யாராவது "மீ த ஃபர்ஸ்ட்டு"ன்னு போடுவீங்கன்னு தெரியும். போடுங்க :-) பதினோரு நிமிஷம் கழிச்சுப் போடுங்க.